திடலில் விரிந்த வெள்ளைத் துணி: பேராக் தோட்டப்புறமும் நாவல் மாந்தரும்

அச்சில் பிறந்த கதைமாந்தர் ஒருவர் திரையில் ஏறும்போது, நூலைப் படித்தவர்கள் தம் மனத்தில் வரைந்துவைத்த உருவத்தோடு நடிகரின் உருவத்தை ஒப்பிட்டுப் பார்த்து மகிழ்வதும் குறைப்படுவதும் தமிழ்நாட்டு இதழ்களில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் ஆகும். மலேசியாவின் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில், இரண்டாம் உலகப்போரின் முடிவிலிருந்து ஏறத்தாழ 1970களின் இறுதிவரை நீண்ட ஒரு தலைமுறைக் காலத்தில், பெரும்பாலோருக்கு இந்த ஒப்பீட்டுக்கே இடமிருக்கவில்லை. ஏனெனில் அவர்களிடம் முதலில் வந்து சேர்ந்தது படம், நூல் வந்தால் அதற்குப் பிறகே வந்தது, பல வேளைகளில் வராமலேயே போயிற்று. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் நெடிய சொல்லாடல் நிகழ்த்தும் ஃபிராங்கன்ஸ்டைனின் உயிரி, 1931ஆம் ஆண்டுப் படத்தில் போரிஸ் கார்லாஃபின் நடிப்பில் பேச்சற்றதாகி, அந்த ஊமை உருவமே உலகின் நினைவில் நிலைத்தது திரையின் கவர்ச்சிக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. பேராக் தோட்டங்களில் இதே விளைவு ஏற்பட்டதற்குத் திரையின் கவர்ச்சியைவிட வலிமையான காரணம் உண்டு. அது அம்மக்களின் உழைப்பும் பள்ளியும் விளக்கு வெளிச்சமும் வகுத்த காரணம்.

மலாயாவின் இரப்பர் வரலாறு பேராக்கில் வேர்கொண்டது. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த இரப்பர்க் கன்றுகளில் ஒன்பதைப் பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பேராளராக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அத்தொடக்க காலத்து மரம் ஒன்று அந்நகரில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், தைப்பிங், பாகான் செராய், தாப்பா, சுங்கை, தெலுக் இந்தான் எனப் பல வட்டாரங்களிலும் காடு அழிக்கப்பட்டுக் கித்தா எனப்பட்ட இரப்பர் மரம் நடப்பட்டபோது, அந்த வேலைக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். கங்காணி என்பவர் தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டித் தோட்டத்தில் சேர்த்து, அவர்களை மேற்பார்ப்பவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் ஒப்படைத்துவிட்டுப் பால்மரக்காட்டுக்குள் நுழைந்தவர்கள், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்போது உச்சிவெயில் ஏறியிருக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. எனினும் அப்பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன, ஆசிரியர் ஒருவரே பல வகுப்புகளையும் பார்த்துக்கொண்டார், வீட்டு வருமானத்துக்குக் கை தேவைப்பட்ட ஆண்டில் பிள்ளையின் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தலைமுறை ஒன்று இவ்வாறு உருவானது. ஆனால் ஆறேழு நூறு பக்க நாவலோடு உட்காரும் ஓய்வும், இரவில் அதற்கான வெளிச்சமும் அத்தலைமுறைக்குக் கிட்டவில்லை.

இதழ்கள் தோட்டத்துக்குள் வரவே இல்லை என்று கருதுவதும் பிழையாகும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு வந்த ரஜுலா போன்ற கப்பல்களில் பயணிகளோடு ஆனந்த விகடனும் கல்கியும் குமுதமும் வந்தன; கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் உள்நாட்டு எழுத்தை வளர்த்தன. தமிழ்நாட்டு வார இதழ்களின் உயிர்நாடி தொடர்கதை, அதாவது வாரம் ஓர் அத்தியாயமாக ஓராண்டுக்கும் மேலாக வெளிவந்து, ஒவ்வொரு வாரமும் ஓர் ஐயத்தில் நிறுத்தப்படும் நாவல். அத்தகைய கதை, இதழ் தவறாமல் வருவோருக்கே முழுமையாகக் கிடைக்கும். தோட்டத்தில் அந்த வாய்ப்பு கிராணிக்கும், அதாவது அலுவலக எழுத்தருக்கும், பள்ளி ஆசிரியருக்கும், ஈப்போ நகரத்துக் கடைக்காரருக்கும் இருந்தது; லயத்து வீடுகளுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசைவீடுகளுக்கு, அவ்விதழ்கள் கைமாறிக் கைமாறி, இடையிடையே எண்கள் விடுபட்டு, அட்டை கிழிந்த நிலையில் வந்து சேர்ந்தன. விடுபட்ட அத்தியாயங்களை நிரப்பியது படம்.

படம் இரண்டு வழிகளில் வந்தது. சம்பளம் வாங்கிய பிறகோ தீபாவளி, தைப்பூசம் போன்ற நாள்களிலோ லாரியிலும் பேருந்திலும் ஏறி டவுனுக்குச் சென்று கொட்டகையில் பார்ப்பது ஒன்று. ஈயச் சுரங்கத்தால் செழித்த ஈப்போவில் சீன, ஆங்கில, மலாய்ப் படங்களோடு தமிழ்ப் படங்களும் ஓடின. மற்றொன்று, படப்பெட்டியும் இயந்திரமும் ஏற்றிய வண்டி தோட்டத்துக்கே வருவது: திடலில் இரு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டப்பட, பாய்களோடு குடும்பங்கள் முன்னதாகவே இடம்பிடிக்க, துணியின் பின்புறத்தில் அமர்ந்தவர்கள் வலம் இடமாக மாறிய உருவங்களையும் குறையின்றி ரசித்தனர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்டு 1960வரை நீடித்த அவசரகாலத்தில், ஊரடங்கும் முள்வேலியும் இரவுப் பயணத்தைக் கடினமாக்கியபோது, இந்த இரண்டாம் வழியின் பங்கு கூடிற்று. 1946இல் தோற்றுவிக்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் செய்திப் படங்களை அரசின் தகவல் வண்டிகள் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தன. அரசு தன் கருத்தைப் பரப்பக் கட்டிய அதே துணிப்பழக்கம் மக்களைத் திடல் படத்துக்குப் பழக்கியது.

படத்தோடு வந்த ஓர் அச்சுப்பொருளை இலக்கிய வரலாற்றாளர்கள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. அது கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம்: மட்டமான தாளில் அச்சாகி, நடிகர் பெயர்களும் பாடல்களும், பாதியில் நிறுத்தி மீதியைத் திரையில் காணச் சொல்லும் கதைச்சுருக்கமும் கொண்ட சில பக்கங்கள். கதைவசனப் புத்தகங்களும் இதனோடு சேர்ந்தவை. கல்கியோ அகிலனோ எழுதிய மூலநூல் நுழையாத வீட்டிலும் இந்தச் சிறுநூல் சாமிப்படத்தின் அருகில் பத்திரமாக இருந்தது. தோட்டத்து வாசகருக்கு நாவலின் அச்சுவடிவம் இதுவே என்று சொன்னால் அது மிகையாகாது. எழுத்தறிவு குறைந்தோரின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்குவது, கிடைத்த ஒரே வாசலின் வழியாக இலக்கியத்துக்குள் வந்த மக்களை ஒதுக்குவதாகும்.

நூலும் படமும் ஒருசேரப் பிறந்த முன்னுதாரணம் போருக்கு முன்பே இருந்தது. கல்கியின் 'தியாகபூமி' 1939இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாக கே. சுப்ரமணியம் இயக்கிக்கொண்டிருந்த படத்தின் நிழற்படங்களே கதையோடு அச்சிடப்பட்டன. ஆகவே சம்பு சாஸ்திரி வாசகருக்குத் தொடக்கம் முதலே பாபநாசம் சிவனின் முகத்தோடும், சாவித்திரி எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகத்தோடும் அறிமுகமாயினர். விடுதலை இயக்கச் சார்பின் காரணமாகப் பிரிட்டிஷ் அரசு அப்படத்தை 1940இல் தடைசெய்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியதும் இந்தியாவுடனான கப்பல் போக்குவரத்து அறுந்தது. இதனால் ஜூபிடர் நிறுவனம் 1942இல் வெளியிட்ட 'கண்ணகி', இளங்கோவனின் வசனத்தோடும் பி. கண்ணாம்பாவின் நடிப்போடும் தமிழ்நாட்டைக் கலக்கியபோது, மலாயாத் தமிழருக்கு அது எட்டாத செய்தியாகவே இருந்தது. போர் முடிந்து கடல்வழி திறந்த பிறகே அத்தகைய படங்கள் வர முடிந்தது.

கண்ணகி இவ்வாய்வுக்கு மிக முதன்மையானவர், ஏனெனில் அவருடைய மூலம் நாவலுமன்று, எளிதில் படிக்கத்தக்க உரைநடையுமன்று. உ.வே. சாமிநாதையர் 1892இல் அச்சிட்ட சிலப்பதிகாரம் புலவர்களின் கையில் இருந்த காப்பியம். அதன் செய்யுளைப் பொருளறிந்து படிக்கும் பயிற்சி தோட்டப்பள்ளியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 1964இல் பி. நீலகண்டன் இயக்கத்தில் மு. கருணாநிதியின் வசனத்தோடு வந்த 'பூம்புகார்' படத்தில் சி.ஆர். விஜயகுமாரி சிலம்பை ஏந்திப் பாண்டியன் அவையில் நீதி கேட்ட காட்சியே, இளங்கோவடிகளின் பெயரைக் கேள்விப்பட்டிராதவர்களுக்கும் கண்ணகியைக் கொடுத்தது. இளங்கோ படைத்த கண்ணகி நூலின் பெரும்பகுதியில் பேசாமல் இருந்து, மதுரையில் ஒருமுறை வெடிப்பவர். படத்தின் கண்ணகியோ மேடைத்தமிழின் அடுக்குமொழியில் வாதிடுபவர். இவ்விரு உருவங்களுக்கும் உள்ள தொலைவு பெரியது. கவுந்தியடிகளாக வந்த கே.பி. சுந்தராம்பாளின் குரலோ, சமண முனிவராகிய அப்பாத்திரத்தை முருகன் கோயிலில் கேட்டுப் பழகிய குரலாக்கி, தைப்பூசத்துக்குக் காவடி தூக்கும் மக்களுக்கு நெருக்கமாக்கியது.

1950களில் வந்த படங்களை ஒருசேர நோக்கினால் தழுவல் எவ்வளவு விரிந்த நிலத்திலிருந்து கதைகளைத் திரட்டியது என்பது புலப்படும். 1953இல் வேதாந்தம் ராகவையா தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'தேவதாஸ்', சரத்சந்திர சட்டோபாத்யாய் 1917இல் வெளியிட்ட வங்கக் குறுநாவலை அ. நாகேசுவர ராவின் தளர்ந்த நடையாகவும் சாவித்திரியின் கண்களாகவும் மாற்றியது. கள்ளுக்கடை அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்த தோட்டத்தில், காதல் முறிந்து குடியில் விழுந்தவனைத் தேவதாஸ் என்று அழைத்தவர்களில் அவனை எழுதியவர் ஒரு வங்காளி என்பதை அறிந்தவர் சிலரே. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல் 'மலைக்கள்ளன்' 1954இல் கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் படமாகி, எம்.ஜி.ஆருக்குரியதாகவே ஆகிவிட்டது; விடுதலைப் போராட்டக் கவிஞராகப் பாடநூலில் அறியப்பட்டவரே அதன் ஆசிரியர் என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. கல்கியின் முதல் நாவலான 'கள்வனின் காதலி' 1955இல் சிவாஜி கணேசனும் பி. பானுமதியும் நடிக்கத் திரைக்கு வந்தது. சட்டத்துக்கு வெளியே நின்று ஏழைக்கு நியாயம் செய்யும் கள்வர்களை, துரையும் கங்காணியும் விதித்ததே சட்டமாக இருந்த இடத்து மக்கள் நேசித்ததில் வியப்பில்லை.

எனினும் பேராக் தோட்டப்புறத்தின் வாழ்வோடு மிக நெருங்கிப் பொருந்திய படம் 'தில்லானா மோகனாம்பாள்' எனலாம். ஜெமினி நிறுவனத்தோடு இணைந்திருந்த கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற புனைபெயரில் 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் எழுதிய இந்தத் தொடர்கதை, நாதசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் ஆடல்மகள் மோகனாம்பாளுக்கும் இடையிலான போட்டியையும் காதலையும் சொல்வதோடு, தஞ்சை வட்டாரத்துக் கோயில்களையும் சத்திரங்களையும் மேளக்காரர் குடும்பங்களையும் அவர்களை ஆட்டிவைத்த மிராசுகளையும் விரிவாகப் பதிவுசெய்த ஒரு சமூக ஆவணமும் ஆகும். கோபுலுவின் கோட்டோவியங்களே அதன் மாந்தருக்கு முதல் முகங்களைத் தந்தன. 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது கதையின் கிளைகள் பல வெட்டப்பட்டன. சிவாஜி கணேசனின் விரலசைவும் கன்னத்தின் இறுக்கமும், திரைக்குப் பின்னால் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதசுரமும் ஒன்றாகக் கலந்து, சண்முகசுந்தரம் ஓர் உண்மையான வித்துவானாகவே மக்கள் நினைவில் பதிந்தார். பத்மினியின் மோகனா, டி.எஸ். பாலையாவின் தவில்காரர், நாகேஷின் வைத்தி, மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணி ஆகியோரும் அவ்வாறே நடிகரினின்று பிரித்து எண்ண முடியாதவராயினர்.

இப்படத்தில் வரும் சிக்கலும் திருவாரூரும் தோட்டமக்களில் பலருக்குக் கற்பனை ஊர்கள் அல்ல. சிக்கல் நாகப்பட்டினத்தை ஒட்டிய தலம். நாகப்பட்டினமோ தாத்தாவும் பாட்டியும் கப்பலேறிய துறை. திரும்பிச் செல்லும் வசதியற்றுப்போன தலைமுறைக்கு அந்த ஊர்களின் தேரோடும் வீதியையும் கோயில் குளத்தையும் காட்டியது படமே. மேலும் நாதசுரம் அவர்களுக்கு அயலான கருவியன்று: தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும், ஈப்போ புந்தோங்கிலிருந்து குனோங் சீரோவின் கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயிலுக்குச் செல்லும் தைப்பூச ஊர்வலத்திலும் அதன் ஒலி ஆண்டுதோறும் கேட்டது. சுப்பு தம் நாவலில் எழுத்தால் உணர்த்த முயன்ற இசையைப் படம் நேரடியாக ஒலிக்கச் செய்தது என்பதால், இந்த ஒரு நேர்வில் தழுவல் மூலத்தினும் மேலான ஒன்றைப் பெற்றது என்ற தீர்ப்பு நியாயமானதே. அதே வேளையில், இசை வேளாளர் சமூகத்துப் பெண்களின் நிலைபற்றி நாவல் பொறுமையாக விரித்த பகுதிகள், படத்தின் விரைவில் மெலிந்துபோயின என்பதையும் மறைக்க இயலாது. இழந்தது என்னவென்று அறிய நூலைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது, அந்த நூலோ தோட்டத்துக்கு வரவில்லை.

1970களில் இக்காட்சி மாறத் தொடங்கியது. 1963 இறுதியில் தொடங்கிய மலேசியத் தொலைக்காட்சி மெல்லத் தோட்டங்களை எட்டிற்று. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலின் கங்காவாக 1977இல் லட்சுமி நடித்துத் தேசிய விருது பெற்றார். உமாசந்திரன் எழுதிக் கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசுபெற்ற 'முள்ளும் மலரும்' நாவலை, அதன் போக்கிலிருந்து பெரிதும் விலகி மகேந்திரன் 1978இல் படமாக்கியபோது, மேலதிகாரியின் முன் பணிய மறுக்கும் விஞ்ச் இயக்குநன் காளி முழுவதும் ரஜினிகாந்தின் சொத்தானான். நிர்வாகத்தோடு அன்றாடம் முகம்கொடுத்த தொழிலாளர்கள் அவனிடம் தம்மைக் கண்டனர். இதே ஆண்டில் வந்த 'ப்ரியா' மட்டும் இந்தப் பொதுப்போக்குக்கு விலக்காக நிற்கிறது. குமுதத்தில் சுஜாதா இலண்டனில் நிகழ்வதாக எழுதிய தொடர்கதையைப் படம் சிங்கப்பூர்ப் பக்கம் கொண்டுவந்து, வழக்கறிஞர் கணேஷை ரஜினிகாந்த் ஆக்கியது. பாடல்கள் எங்கும் ஒலித்தன, ஆயினும் கணேஷ் இன்றுவரை சுஜாதாவின் கணேஷாகவே, பெரும்பாலும் தம் உதவியாளர் வசந்துடன் சேர்ந்த தாள்மனிதராகவே நிலைத்திருக்கிறார். இதழும் மலிவுநூலும் இளைஞர் கைகளை எட்டிவிட்ட காலத்தில் திரை தானே வெல்லும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அவர் காட்டுகிறார். திரையின் முன்னைய வெற்றியில் புத்தகமின்மையின் பங்கு எவ்வளவு என்பதும் இதனால் தெளிவாகிறது.

இதுவரை சொன்னது பேராக்குக்கு வந்த கதைகள். மலாயாத் தோட்ட உலகிலிருந்து வெளியே சென்ற கதைகளுக்கு நேர்ந்தது வேறு. உலகம் அறிந்த திரைமாந்தருள் ஒருவரான கர்னல் நிக்கல்சனைப் படைத்த பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல், 1936 முதல் மலாயா இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றிய பொறியாளர். அவர் 1952இல் வெளியிட்ட 'குவாய் ஆற்றுப் பாலம்' நாவலை டேவிட் லீன் 1957இல் படமாக்கினார். இலங்கையின் கித்துல்கலையில் களனி ஆற்றின்மேல் பாலம் கட்டிப் படம்பிடிக்கப்பட்ட அது ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. எதிரியின் பாலத்தைத் தன் படையின் பெருமைக்காகச் செம்மையாகக் கட்டித்தரும் பிடிவாதக்கார அதிகாரியாக அலெக் கின்னஸ் நடித்த பிறகு, நிக்கல்சன் என்றால் அவர் முகமே என்றாயிற்று. நாவலில் தகர்க்கப்படாமல் நிற்கும் பாலம் படத்தில் தகர்க்கப்படுகிறது; உலகம் நினைவில் வைத்திருப்பது தகர்ந்த பாலத்தையே. படத்தைப் பார்த்துவிட்டுத் தாய்லாந்தில் அந்தப் பாலத்தைத் தேடிவந்த பயணிகளின் பொருட்டு, உண்மையான பாலம் நின்ற மே குளோங் ஆற்றின் அப்பகுதிக்கே பின்னர் குவாய் என்ற பெயர் சூட்டப்பட்டது என்பது திரையின் ஆற்றலுக்கு ஓர் அளவுகோல்.

அந்தப் பாலம் அமைந்த, ஜப்பானியர் போர்க்காலத்தில் போட்ட சயாம்–பர்மா இரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளமானது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டு 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதனினும் பன்மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும் அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர் என்றும் மதிப்பிடப்படுகிறது. இரப்பர் ஏற்றுமதி நின்று கூலியும் அரிசியும் இல்லாமற்போன தோட்டங்களிலிருந்து, சில மாத வேலை என்று சொல்லியும், பின்னர் வலிந்து பிடித்தும் இரயிலேற்றப்பட்ட இம்மக்கள், தாய்லாந்தின் பான் போங்கில் இறக்கப்பட்டுக் காட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டனர். 1943இன் மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி முகாம் முகாமாக அவர்களை அழித்தது. போர்க்கைதிகளுக்குத் தம் அதிகாரிகளும் மருத்துவர்களும் பெயர்ப்பட்டியல்களும் இருந்தன; போருக்குப் பின் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகளும் அமைந்தன. தமிழ்த் தொழிலாளருக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. அவர்களோடு ஒரே தோட்ட உலகில் வாழ்ந்தவர் எழுதிய கதையிலும், அதன் படத்திலும் அவர்களுக்கென்று ஒரு பாத்திரம் இல்லை. புனைகதைக்குத் தன் களத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டாலும், அந்தப் படமே உலகின் பொதுநினைவாகிவிட்ட நிலையில், பேராக் லயங்களிலிருந்து சென்று திரும்பாத தந்தையரின் கதைக்கு அது இழைத்த பிழை சிறியதன்று.

இந்த நினைவு தமிழில் எழுதப்படாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் அக்கொடுமையைத் தமிழ்த் தொழிலாளரின் நிலையிலிருந்து சொல்கின்றன. அகிலன் 1970களில் மலேசியத் தோட்டங்களைக் கண்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவலும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. அகிலனின் 'பாவை விளக்கு' 1960இலும், 'வாழ்வு எங்கே' நாவல் 'குலமகள் ராதை' என்ற பெயரில் 1963இலும் சிவாஜி கணேசன் நடித்த படங்களாயின. 'கயல்விழி' 1978இல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' ஆயிற்று. பால்மரக்காட்டு மாந்தருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. கடல்கடந்த தொழிலாளரின் வாழ்க்கைக்குத் தமிழ்நாட்டுச் சந்தையில் விலையில்லை எனக் கருதிய தயாரிப்புலகம், அதே தொழிலாளர் செலுத்திய சீட்டுக்காசை ஏற்பதில் மட்டும் தயக்கம் காட்டவில்லை.

பேராக்கின் மண்ணில் எழுத்துலகத் தொடர்புடைய வேறொருவரும் வாழ்ந்தார். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி பர்ஜஸ் 1954, 1955ஆம் ஆண்டுகளில் கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, அந்நகரைக் 'கோல ஹந்து' என்று பெயர்மாற்றி 1956இல் தம் முதல் நாவலை வெளியிட்டார். அந்நாவலில் தொடங்கும் மலாயா முத்தொகுதியின் இறுதிநூலில் யாழ்ப்பாணத் தமிழ் அதிகாரிகளும் இடம்பெறுகின்றனர். ஆனால் அவரை உலகறியச் செய்தது, 1962இல் அவர் எழுதிய நாவலிலிருந்து 1971இல் ஸ்டான்லி கூப்ரிக் எடுத்த 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படமும் அதில் மால்கம் மெக்டவல் நடித்த அலெக்ஸும்தான். பேராக்கில் பிறந்த அவருடைய மாந்தர் திரையின்றி மறைய, அலெக்ஸ் தன் ஆசிரியரையே மறைத்தான். ஈப்போ நகரமும் பிற்காலத்தில் பிறருடைய நூல்களுக்குக் களமாக வாடகைக்குச் சென்றது: சயாம் அரசவையில் கற்பித்த ஆனா லியோனோவன்ஸின் கதையை 1999இல் படமாக்கியவர்களுக்குத் தாய்லாந்து இடந்தராததால் அரண்மனைக் களம் ஈப்போவில் எழுந்தது, ஐலீன் சாங்கின் குறுநாவலை ஆங் லீ 2007இல் படமாக்கியபோது ஈப்போவின் பழைய தெருக்கள் போர்க்கால ஹாங்காங்காக நின்றன.

தோட்டங்களே அதற்குள் கலைந்துவிட்டன. 1950களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதையும், அதை எதிர்கொள்ளச் சுங்கை சிப்புட்டின் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததையும் தொடர்ந்து, இரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயங்கள் காலியாகி, மக்கள் புந்தோங்குக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் பெயர்ந்தனர். திடலும் துணியும் போய், ஒளிநாடாவும் தொலைக்காட்சியும் ஒவ்வொரு வீட்டையும் தனிக் கொட்டகையாக்கின. எம்.ஜி.ஆர். 1950களிலேயே எடுக்க விரும்பிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்', 1950 முதல் 1954 வரை மணியத்தின் ஓவியங்களோடு தொடராக வந்து, 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரு படங்களாக மலேசியத் திரையரங்குகளை நிறைத்தபோது, தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் வந்தியத்தேவனை முதலில் கண்டது கார்த்தியின் உருவில்தான். ஆனால் அவர்களில் விரும்பியவருக்கு ஐந்து பாகங்களும் கைப்பேசியிலேயே கிடைத்தன.

பேராக் மக்களின் சொந்த வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த படம் எந்த நாவலையும் தழுவியதன்று. சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கி 2015 டிசம்பரில் வெளியான 'ஜகாட்', தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போயின் 1990களின் தொடக்கத்து வாழ்வை, தோட்டப்புறத்துப் பேச்சுத்தமிழிலேயே சொன்னது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கும் ஏற்பாட்டுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்து, மொழி வேறுபாடின்றிச் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வைக்கப்பட்டபோது, அவ்விருதைப் பெற்றது 'ஜகாட்'. சிறந்த புதிய இயக்குநருக்கான விருதும் அதற்கே கிடைத்தது.